நோட்டில் நான் வரைந்த முத்திரை

1972ஆம் வருடம் மே மாதம் 10ஆம் தேதி, புதன்கிழமை. என் நாட்குறிப்பில் அந்தப் பக்கம் இப்படித் தொடங்குகிறது: காலை 4.10க்கு எழுந்தேன். சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். கிணற்றில் இறைத்துக் குளித்தேன். முகச்சவரம். மே மாதம் மாதா வணக்க மாதம் என்பதால் மனைவியும் மகளும் ஜெபம் சொன்னார்கள், நானும் சேர்ந்துகொண்டேன். 4.55க்குக் காபி.

வழக்கமான நாளாக இருந்தால் அதன்பின் ஆறரை வரை செய்தித்தாள் படிப்பேன். அன்று அதைச் செய்யவில்லை. ஜன்னல் கொக்கிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். பீரோவைப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டேன். வாசல் கதவின் இரண்டாவது சாவியை அடுத்த வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் கொடுத்தேன். சரியாக 5.30க்கு எங்கள் கார் தருமபுரியை விட்டுக் கிளம்பியது.

எங்கள் கார் என்று எழுதிவிட்டேன். கார் என் மைத்துனருடையது. மனைவிக்கு அடுத்துப் பிறந்தவர். நெல் மண்டியில் வேலை. பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கித் தானே பழுதுபார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. திட்டம் போடத் தெரியும்.

நான் அப்போது ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். எங்கள் மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்து ஏழு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. தினமும் என் மேசைக்கு மாவட்டத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் மனுக்கள் வரும். தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, அரூர், ஏரியூர் என்று ஊர்ப் பெயர்களை எழுதி எழுதியே என் பேனா முள் தேய்ந்தது. அவற்றில் பாதியை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஒருநாள் இதை வீட்டில் சொன்னபோது மனைவி, "நீங்க எழுதுனதாவது இருக்குது. நான் எங்கம்மா வூட்டையும் கோயில் திருவிழாவையும் தவிர எதைப் பாத்தேன்?" என்றாள். கல்யாணமாகிப் பதினாறு வருடம் ஆகியிருந்தது. சொந்த மாவட்டத்தையே காரில் ஒரு சுற்றுச் சுற்றி வருவது, வழியில் மூன்று இரவு தங்குவது என்று அன்றே முடிவு செய்தோம்.

முடிவு செய்தது 1968இல். கிளம்பியது 1972இல். இடையில் நான் சும்மா இருக்கவில்லை. அலுவலகச் சுவரில் தொங்கிய மாவட்ட வரைபடத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து நகல் எடுத்தேன். சாலை வளைகிறபடியெல்லாம் தையல் நூலை வளைத்துவைத்து, பிறகு நூலை நீட்டி அளந்து தூரம் கணக்கிட்டேன். எந்த ஊரில் பெட்ரோல் கிடைக்கும், எந்த பஸ் எத்தனை மணிக்கு, எங்கே சந்தை என்ன கிழமை, ஏரி எந்தத் திசையில், சூரியன் எத்தனை மணிக்கு உதிக்கும் என்று எல்லாம் ஒரு நோட்டில் ஏறியது. ஒரு வருடம் மகளுக்கு அம்மை. ஒரு வருடம் எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நான்காவது வருடம் மனைவி சொன்னாள்: "இந்த மே மாசம் போவலைன்னா அந்த நோட்டை அடுப்புல போட்டுருவேன்."

போடக்கூடியவள்தான். எனவே அந்த வருடம் பிப்ரவரியிலேயே மூன்று அரசு பங்களாக்களுக்கு இடம் கேட்டு எழுதினேன். அந்தக் காலத்தில் மலைப் பக்கமும் காட்டுப் பக்கமும் லாட்ஜ் கிடையாது. அதிகாரிகள் முகாம் வந்தால் தங்குவதற்காகக் கட்டிய பங்களாக்கள்தான். அவர்கள் வராத நாளில், முன்கூட்டி எழுதி அனுமதி வாங்கியிருந்தால் நம்மைப் போன்றவர்களும் தங்கலாம். அரிசி பருப்பு கொண்டுபோனால் வாட்ச்மேன் வீட்டில் சமைத்துத் தருவார்கள். மே இரண்டாம் வாரத்தில் ஏதாவது ஓர் இரவு தங்கலாம் என்று மூன்று இடத்திலிருந்தும் அனுமதித் தாள் வந்தது. தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட்டு, வட்ட முத்திரை குத்தியிருந்தது.

அந்த மூன்று தாள்களையும் நான் என்ன செய்தேன் என்பதுதான் இந்த அனுபவமே. காரில் அவற்றைக் கொண்டுபோனால் காற்றில் பறக்கலாம், மழையில் நனையலாம், குழம்பு கொட்டலாம் என்று யோசித்தேன். ஒரு வரி விடாமல் மூன்றையும் நோட்டில் அழகாகப் பிரதி எடுத்தேன். முத்திரை இருந்த இடத்தில் காம்பஸால் வட்டம் போட்டு உள்ளே 'முத்திரை' என்று எழுதினேன். அடியில் 'உண்மை நகல்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அசல் மூன்றையும் நீல நிற ஃபைலில் போட்டு பீரோவின் இரண்டாம் தட்டில் பத்திரமாக வைத்துப் பூட்டினேன். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன் என்றும் நாட்குறிப்பில் இருக்கிறது.

முதல் நாள் பயணம் திட்டப்படியே போனது. கிருஷ்ணகிரி அணையில் ஐம்பது நிமிடம். மகள் மதகுக்கு அருகே நின்று சாரலில் நனைந்தாள். ஓசூர் போகிற வழியில் புளியமரத்து நிழலில் கட்டுச்சோறு. நோட்டைப் பார்த்து நான் அவ்வப்போது நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"மாமா, ஒண்ணுக்குப் போறதுக்கும் நோட்டுல நேரம் போட்டிருக்கறீங்களா?" என்று மைத்துனர் கேட்டார்.

"பதினொண்ணேகாலுக்கு."

"இப்பவே பதினொண்ணு இருபதுங்க. அஞ்சு நிமிசம் லேட்டாத்தான் முட்டுது."

மனைவி முன்பக்கம் பார்த்தபடி சிரித்துக்கொண்டே வந்தாள். காரில் அவள் அப்படிச் சிரித்துக்கொண்டு வந்ததையும் குறித்துவைத்திருக்கிறேன்.

தளிக்கு அப்பால், ஒரு ஏரிக்கு மேலே மேட்டில் இருந்தது நாங்கள் தங்க வேண்டிய முதல் பங்களா. 4.00 மணி என்று போட்டிருந்தேன். 4.10க்குச் சேர்ந்தோம். மே மாதத்திலும் அங்கே காற்றில் குளிர்ச்சி இருந்தது. வாட்ச்மேனுக்கு என் வயதுதான் இருக்கும். காக்கிச் சட்டை போட்டிருந்தார், பொத்தான் மட்டும் வேறு வேறு நிறம். கும்பிட்டுவிட்டு, "தாள் குடுங்க சார்" என்றார்.

நோட்டைத் திறந்து கொடுத்தேன். அவர் அதைத் தலைகீழாகத் திருப்பினார், நேராகத் திருப்பினார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கடைசியில் காம்பஸ் வட்டத்தின் மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தார்.

"இது நீங்க வரைஞ்சதுங்களா?"

"ஆமா. அசலைப் பார்த்து வரைஞ்சது."

"நல்லாத்தான் வரைஞ்சிருக்கறீங்க. அசல் எங்கீங்க?"

"தருமபுரியில, பீரோவுல. பத்திரமா இருக்குது."

மைத்துனர் இருமினார். சிரிப்பை மறைக்க இருமினார் என்பது எனக்குத் தெரியும்.

வாட்ச்மேன் பொறுமையாக விளக்கினார். தங்க வருகிறவர்கள் பதிவேட்டில் தங்கள் கையால் எழுத வேண்டும், அவர்களிடம் தாளை வாங்கி அவர் வைத்துக்கொள்ள வேண்டும். மாதக் கடைசியில் ஓவர்சியர் வந்து பதிவேட்டையும் தாள்களையும் சேர்த்து எண்ணுவார். இரண்டு மாதத்துக்கு முன் ஒருவர், தாள் பின்னால் வருகிறது என்று சொல்லித் தங்கிவிட்டுப் போனார். தாள் வரவில்லை. வாட்ச்மேனுக்கு மெமோ வந்தது. இன்னொரு தடவை நடந்தால் வேலை இல்லை என்று சொல்லியிருந்தார்கள்.

"ரிஜிஸ்டர்ல நாங்க எழுதாம வுட்டுடறோம். யாருக்குத் தெரியும்?" என்றார் மைத்துனர்.

"நீங்க எழுதாம வுட்டா நான் திருடனாயிடுவேனுங்க. எழுதுனா வேலை போயிடும். நீங்களே சொல்லுங்க, எதைச் செய்யட்டும்?"

நான் அரசு ஊழியன். அவர் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. ஓவர்சியரைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் விடுப்பில் போயிருந்தார், திங்கட்கிழமைதான் வருவார். வேறு வழி யோசித்தேன். அப்போதுதான் விஷயத்தின் முழு அளவும் தெரிந்தது. இந்த ஒரு பங்களா மட்டுமல்ல, அடுத்த இரண்டு பங்களாவுக்கும் தாள் பீரோவில்தான் இருக்கிறது. இங்கே திறக்காவிட்டால் எங்கேயும் திறக்காது. நான்கு வருடத் திட்டம் முதல் நாள் மாலை நான்கரை மணிக்கு முடிந்துபோயிருந்தது.

மனைவி காரிலிருந்து இறக்கிய டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். கோபப்பட்டிருந்தால் தேவலை. சாதாரணக் குரலில்தான் பேசினாள்.

"திரும்பிப் போறதுன்னா சொல்லுங்க, ஏறி உக்காந்துக்கறேன். நாலு வருசம் இருந்தவளுக்கு இன்னும் நாலு மணி நேரம் உக்காரத் தெரியாதா? ஆனா இனிமேட்டு எங்கியும் கூட்டிட்டுப் போறேன்னு மட்டும் சொல்லாதீங்க. கேட்டுக் கேட்டு நம்பிப்புட்டேன்."

மைத்துனர் சிரிப்பை நிறுத்திவிட்டார். மகள் என்னைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தாள்.

அந்த நேரத்தில் வாட்ச்மேனின் மனைவி தலையில் விறகுக் கட்டோடு மேட்டில் ஏறி வந்தார். கட்டை இறக்கிப் போட்டுவிட்டு, பெட்டி மேல் உட்கார்ந்திருந்த என் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். கணவரிடம் கன்னடத்தில் கேட்டார். அவர் பதில் சொன்னார். மறுபடி இவர் ஏதோ சொன்னார், அதில் கொஞ்சம் வசவும் இருந்திருக்க வேண்டும், வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். பிறகு அந்த அம்மாள் எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"பங்களா சர்க்காருதுங்க. அதைத் திறக்க அவுருக்கு ஆர்டர் இல்லை. வூடு எங்குளுது. அதைத் திறக்க யாரு ஆர்டரும் வேண்டாம். வாங்கக்கா."

பங்களாவுக்குப் பின்னால், சரிவில், ஓர் அறையும் சமையல் தடுப்புமாக இருந்தது அவர்கள் வீடு. பெண்கள் உள்ளே படுப்பது, ஆண்கள் மூவரும் வெளியே பலாமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் படுப்பது என்று அந்த அம்மாளே ஏற்பாடு செய்தார். என் மனைவி அரிசியையும் பருப்பையும் எடுத்துக் கொடுத்தாள். "அது நாளைக்கு இருக்கட்டும், இன்னிக்கு எங்க சாப்பாடு" என்று வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். எங்கள் ஊரில் களி என்கிறோமே, அதைத்தான் அவர் முத்தே என்று உருட்டிப் போட்டார். மொச்சைக் குழம்பு. இருட்டுவதற்கு முன்பே சாப்பிட உட்கார்ந்தோம். கீழே ஏரி முழுக்கத் தெரிந்தது. பங்களாத் தாழ்வாரத்திலிருந்து ஏரி தெரியும் என்று நோட்டில் எழுதியிருந்தேன். அது தவறு. பங்களா சாலையைப் பார்த்துக் கட்டியிருந்தது.

பேச்சு எங்கெங்கோ போய்த் தருமபுரிக்கு வந்தது.

"நானும் ஒருக்கா வந்திருக்கேனுங்க உங்க ஊருக்கு" என்றார் அந்த அம்மாள். "எந் தங்கச்சி வூட்டு மனைப் பட்டா விசயமா. காலையில பஸ் ஏறி மத்தியானம் போய்ச் சேந்தோம். ஆபீசுல ஒரு சாரு தாளைப் பாத்துட்டு, இது நகலு, அசலைக் கொண்டான்னுட்டாரு. பஸ்ஸுல தொலைஞ்சுட்டா என்ன பண்றதுன்னு அசலை ராகிப் பானைக்குள்ள வெச்சுட்டுப் போயிருந்தோமுங்க."

"அப்புறம்?" என்றாள் என் மனைவி.

"அப்புறம் என்ன, திரும்பற பஸ்ஸு போயிடுச்சு. ராத்திரி பஸ் ஸ்டாண்டுலயே படுத்துட்டு வந்தோம். தங்கச்சிக்கு அப்ப ஏழு மாசம்."

என் கையில் இருந்த களி உருண்டை அப்படியே நின்றது. அவர்கள் போனது என் மேசைக்குத்தானா என்று எனக்குத் தெரியாது. எங்கள் பிரிவில் மூன்று மேசைகள் உண்டு. ஆனால் அந்த வாசகம் எனக்குத் தெரியும். 'அசல் இணைக்கவும்.' மனுவின் இடது ஓரத்தில் சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுப்பேன். ஒரு நாளைக்கு எட்டுப் பத்து முறை எழுத வேண்டியிருந்ததால், கை வலிக்கிறது என்று சொந்தச் செலவில் அதற்கு ஒரு ரப்பர் ஸ்டாம்பே செய்து வைத்திருந்தேன். அந்தத் தாளை வாங்கிக்கொண்டு எழுந்து போகிறவர்கள் எந்த பஸ்ஸைப் பிடிக்கிறார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. என் நோட்டில் மாவட்டத்தின் எல்லா பஸ் நேரமும் இருந்தது.

என் வேலை என்ன என்று மனைவிக்கும் மைத்துனருக்கும் தெரியும். இருவரும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. "மாமா, களி ஆறுது" என்றார் மைத்துனர். மனைவி அந்த அம்மாளிடம், "அடுத்த தடவை வந்தா எங்க வூட்டுக்கு வந்துருங்க, பஸ் ஸ்டாண்டுல படுக்காதீங்க" என்று சொல்லித் தெருவையும் அடையாளத்தையும் விளக்கிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் உப்பைத் தின்றுகொண்டு மறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. "அந்த ஆபீசுலதாங்க நான் வேலை பாக்கறேன். அசலைக் கொண்டான்னு திருப்பி அனுப்பறதுதான் என் வேலை. உங்களை அனுப்புனது நானாக்கூட இருக்கலாம்" என்றேன்.

அந்த அம்மாள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இல்லீங்க, அந்தச் சாருக்கு மீசை இருந்துச்சு" என்றார். நான் மீசையை எடுத்தது போன வருடம் என்பதை மைத்துனர் சொல்லவில்லை. நானும் அதை மட்டும் சொல்லவில்லை.

வாட்ச்மேன்தான் பேசினார். "வுடுங்க சார். நீங்க உங்க வேலையப் பாத்தீங்க. இன்னிக்கு நான் என் வேலையப் பாக்கலைங்களா? ரெண்டும் ஒண்ணுதான்."

அவர் என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னார். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அவர் பங்களாவைப் பூட்டியே வைத்தார், பிறகு எங்களைத் தன் வீட்டுக்குள் அழைத்துப்போக விட்டார். நான் பதினெட்டு வருடமாக முதல் பாதியை மட்டும் செய்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தேன்.

கை கழுவும்போது வாட்ச்மேனே ஒரு வழி சொன்னார். காலை 5.45க்கு மேட்டுக்குக் கீழே முதல் பஸ் நிற்கும். ஓசூர் வழியாகத் தருமபுரி போய், மாலையில் அதே பஸ் திரும்பும். கண்டக்டர் அவர்கள் ஊர்க்காரர். அவரிடம் சொன்னால் தாளை வாங்கி வந்து தருவார்.

"தாள் பீரோவுல இருக்குதே" என்றேன்.

"சாவியக் குடுத்தனுப்புங்க. காருக்குப் பெட்ரோலும் உங்களுக்கு ஒரு நாளும் எதுக்கு வீணாவணும், அவுரு எப்பிடியும் போய் வர்றவருதானுங்க."

அந்த பீரோவில் மனைவியின் நகை, என் சேமிப்புப் பத்திரங்கள், மகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் இருந்தன. பார்த்தே இராத ஒருவரிடம் அந்தச் சாவியைக் கொடுப்பதா? நான் மனைவியைப் பார்த்தேன்.

"என் நகைதான உள்ள இருக்குது? குடுங்க" என்றாள். "நீங்க போட்ட வட்டத்தை நம்பித்தான நான் இம்புட்டு தூரம் வந்தேன்."

அடுத்த வீட்டு ஆசிரியருக்கு, மேலே தெருவும் அடையாளமும் போட்டு, ஒரு கடிதம் எழுதினேன். சாவி கொண்டு வருகிறவரிடம் நீல ஃபைலில் உள்ள மூன்று தாள்களையும் எடுத்துக் கொடுக்கவும், பீரோவைப் பூட்டிச் சாவியையும் திருப்பி அனுப்பவும் என்று. பழக்கம் விடுமா? கூடவே ஒரு ரசீதும் எழுதினேன். 'பீரோ சாவி ஒன்று பெற்றுக்கொண்டேன்.' கீழே கண்டக்டர் கையெழுத்துக்குக் கோடு. இரண்டு பிரதி. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படுத்தேன்.

எங்கள் பயணம் முழுமையாக நடந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் தள்ளி நடந்தது, அவ்வளவுதான். தாளுக்காகக் காத்திருந்த அந்தக் கூடுதல் நாளுக்கு நோட்டில் ஒரு வரியும் இல்லை. மனைவியும் அந்த அம்மாளும் காலை முழுக்க ஏரிக்கரையைச் சுற்றிவிட்டு வந்தார்கள். ஐந்து நாளில் அதுதான் நல்ல நாள் என்று மனைவி இன்றும் சொல்கிறாள். அலுவலகத்துக்குத் திரும்பியதும் விதியை நான் மாற்றவில்லை, மாற்ற எனக்கு அதிகாரமும் இல்லை. ரப்பர் ஸ்டாம்பை மட்டும் இழுப்பறையின் அடியில் போட்டேன். நகலோடு வருகிறவர்களை உட்காரச் சொல்லி, மற்றதைச் சரிபார்த்து எடுத்து வைத்துக்கொண்டு, அசலை எந்த பஸ்ஸில், எந்தக் கண்டக்டரிடம் கொடுத்துவிடலாம் என்று நோட்டைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தேன். அப்படி வந்ததில் ஒரு தாளும் தொலைந்ததில்லை.

ஆனால் மறக்க முடியாதது மறுநாள் காலை நான் முதலில் செய்த காரியம். எழுந்ததும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, நாட்குறிப்பைத் திறக்கவில்லை. பலாமரத்தடியில் நின்றபடி அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்தேன். முடிச்சு இறுகியிருந்தது, கொஞ்ச நேரம் பிடித்தது. வாட்ச்மேனோடு பனியில் மேட்டை விட்டு இறங்கிச் சாலையில் நின்றேன். பஸ் வந்தது. வாட்ச்மேன் கன்னடத்தில் நாலு வார்த்தை சொன்னார். கண்டக்டர் படியில் நின்றபடியே கையை நீட்டினார். என் பெயரைக் கேட்கவில்லை. நான் யார், என்ன வேலை என்று கேட்கவில்லை.

"எந்தத் தட்டுங்க சார்?" என்று மட்டும் கேட்டார்.

"ரெண்டாம் தட்டு. நீல ஃபைல்."

"சாயந்திரம் ஆறேகாலுக்கு இங்கியே நில்லுங்க." சாவியையும் கடிதத்தையும் தோல் பைக்குள் போட்டுக்கொண்டு விசில் ஊதினார்.

என் வலது கை அதுவரை சட்டைப் பையில், அந்த இரண்டு ரசீதுகளின் மேல்தான் இருந்தது. பஸ் திருப்பத்தில் மறையும் வரை அவற்றை நான் வெளியே எடுக்கவில்லை. கோட்டின் மேல் யாரும் கையெழுத்துப் போடாத அந்த இரண்டு சீட்டுகளும் இன்றும் என் நாட்குறிப்பில் மே 11ஆம் தேதிப் பக்கத்தில் இருக்கின்றன. ஒரு மனிதரை எதைப் பார்த்து நம்புவது என்று எனக்குச் சந்தேகம் வரும்போதெல்லாம் அந்தப் பக்கத்தைத்தான் திறந்து பார்க்கிறேன்.